பனிக்காலத்துப் பறவையும் நால்வகைத் தானமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிராவகர் இயற்ற வேண்டிய தானங்கள் நான்கு என ஜைன அறநூல்கள் வகுத்துள்ளன. ஆகாரதானம், ஔஷததானம், சாஸ்திரதானம், அபயதானம் என்பன அவை. உணவளித்தல், மருந்தளித்தல், அறிவளித்தல், அச்சம் நீக்குதல் என்று எளிய தமிழில் கூறலாம். ஐம்பொறி உயிர்களாகிய பறவைகளுக்கும் இத்தானம் உரியது என்பதை, விடியற்காலையில் முற்றத்தில் தானியம் இறைக்கும் ஒவ்வொரு ஜைன இல்லமும் நாள்தோறும் காட்டி வருகிறது.

ஆயினும் அவ்வாறு இறைக்கப்படும் தானியத்தைக் குறித்து நெடுநாளாக ஒரு வினா உண்டு. மனிதன் வைத்ததை உண்டு பழகிய பறவை, தன் இரையைத் தானே தேடும் ஆற்றலை இழந்துவிடாதா? ஒருநாள் அந்தக் கை வைக்காமற்போனால் அவ்வுயிரின் கதி யாது? நன்மை செய்யப் புகுந்தவர் தம்மை அறியாமலே தீமை செய்தவர் ஆவாரோ? அகிம்சையைப் பரம தருமமாகக் கொண்டோர் இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

இதற்கு விடை தேடத் தகுந்த இடம் வெப்ப நாடு அன்று. ஆண்டில் பல திங்கள் நிலமும் நீரும் உறைந்து கிடக்கும் வடபுலமே. அங்கேதான் ஒருவேளை உணவு கிடைப்பதும் கிடைக்காததும் ஓர் உயிர் மறுநாள் காலையைக் காண்பதையும் காணாததையும் முடிவுசெய்கிறது. மேலும், இன்று ஜைனக் குடும்பங்கள் பல இங்கிலாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குடியேறி வாழ்கின்றன. இங்கே முற்றத்தில் தானியம் இறைத்த பாட்டியின் பெயர்த்தி, அங்கே சன்னலுக்கு வெளியே பனிமூடிய தோட்டத்தை நோக்கி நின்று இதே வினாவை எண்ணுகிறாள்.

வட அமெரிக்காவில் சிக்கடி என்றொரு சிறு பறவை உண்டு. அது எழுப்பும் 'சிக்-எ-டீ-டீ' என்னும் ஒலியே அதற்குப் பெயராயிற்று. தலையில் கருந்தொப்பி, தொண்டையில் கரும்பட்டை, கன்னங்களில் வெண்மை. தமிழகத்திலும் காணப்படும் பட்டாணிக்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் எடை ஏறத்தாழ 11 கிராம். பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் 9 கிராம் இருந்தது என்பதை நினைவுகூர்ந்தால் இக்குருவியின் அளவு விளங்கும். வாத்தும் நாரையும் பிறவும் கூட்டங்கூட்டமாகத் தெற்கே சென்றுவிட, இந்த 11 கிராம் உயிர் குளிர்காலம் முழுதும் அங்கேயே தங்குகிறது.

அண்டாவில் காய்ச்சிய பால் நெடுநேரம் சூடாக இருக்கும். அதையே சிறு கிண்ணத்தில் ஊற்றினால் விரைவில் ஆறிவிடும். உடல் சிறுத்தால் அதன் பருமனுக்கு மேற்பரப்பு மிகுதி. ஆகவே வெப்பம் வெளியேறுவதும் மிகுதி. சிக்கடியின் உடல்வெப்பம் பகலில் ஏறத்தாழ 42 பாகை செல்சியஸ். மனிதருடையதை விடக் கூடியது. அதனைச் சூழ்ந்துள்ள காற்றோ சுழியத்துக்குக் கீழ் 20 பாகை, 30 பாகை. விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கழித் திங்களின் இரவு 15 மணி நேரம் நீள்கிறது. இதே குருவி வாழும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் டிசம்பர் இறுதியில் பகற்பொழுது 4 மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் குறுகிய வெளிச்சத்தில் இரைதேடி, எஞ்சிய 20 மணி நேர இருளையும் அது கடக்க வேண்டும்.

வணிகர் பேரேட்டில் நேற்றைய இருப்பு இன்றைய கணக்கில் முதலாக வரும். சிக்கடியின் ஏட்டில் காலை இருப்பு மிகவும் சொற்பம். பகல் முழுதும் ஓயாது உண்டு, மாலைக்குள் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பைச் சேர்க்கிறது. இரவில் அதனை எரித்து உயிர்வாழ்கிறது. விடியும்போது ஏறத்தாழ வெறுங்கையோடு மீண்டும் தொடங்குகிறது. ஒரு நாள் வரவு குறைந்தால் கடன்கொடுப்பார் இல்லை.

இக்கணக்கைச் சரிக்கட்ட அது கையாளும் வழிகள் வியப்புக்குரியவை. இறகுகளைப் புடைத்துக்கொண்டு அவற்றினூடே காற்றைச் சிறைப்படுத்துகிறது. பஞ்சு மெத்தை வெப்பம் காப்பது எம்முறையாலோ அம்முறையே இது. மரப்பொந்தினுள் புகுந்து, அலகை இறகுக்குள் புதைத்து, இரவெல்லாம் நடுங்குகிறது. இந்நடுக்கம் தளர்ச்சியின் அறிகுறி அன்று. மார்பிலுள்ள பறத்தற்குரிய தசைகள் ஒன்றற்கொன்று எதிராக இயங்குவதால் சிறகு அசைவதில்லை. வெப்பம் மட்டும் பிறக்கிறது. பறவைக்கு அடுப்பு அதன் மார்பிலேயே இருக்கிறது.

அவ்வடுப்புக்கு விறகு போதாத இரவுகளில் அது மற்றொன்றும் செய்கிறது. தன் உடல்வெப்பத்தையே ஏறத்தாழ 10 பாகை தாழ்த்திக்கொள்கிறது. உள்ளேயுள்ள வெப்பம் குறைந்தால் வெளியே கசியும் வெப்பமும் குறையும். கொழுப்பு விடியும்வரை நீடிக்கும். இதனைத் தவசிகளின் உண்ணாநோன்போடு ஒப்பிட்டுப் பேசும் ஆசை ஒரு மேடையில் எழுவது இயல்பே. ஆனால் ஒப்புமை பொருந்தாது. தவம் விரும்பி ஏற்பது. குருவிக்கு வேறு வழியில்லை. மேலும் இதில் ஆபத்தும் உண்டு. குளிர்ந்த உடல் விரைந்து இயங்காது; அவ்வேளையில் பகை நெருங்கினால் தப்புதல் அரிது. ஆகவே கொழுப்பு போதிய அளவு இருக்கும் இரவில் வெப்பத்தை அவ்வளவு தாழ்த்துவதில்லை. பசித்த இரவே ஆபத்து மிகுந்த இரவு.

இவற்றோடு நினைவாற்றலும் சேர்கிறது. இலையுதிர்காலத்தில் விதைகளை ஒவ்வொன்றாக மரப்பட்டை இடுக்குகளிலும் பாசியினடியிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் மறைத்து வைத்து, பின்னர் தேடி எடுக்கிறது. 2002ஆம் ஆண்டில் பிராவொசுடோவ், கிளேட்டன் என்னும் ஆய்வாளர் இருவர், அலாஸ்காவின் சிக்கடிகளையும் குளிர் அவ்வளவு கடுமையில்லாத கொலராடோவின் சிக்கடிகளையும் ஒரே சூழலில் வைத்து ஒப்பிட்டு நோக்கினர். அலாஸ்காவின் குருவிகள் மிகுதியாக மறைத்தன, கூடுதல் திறமையோடு மீட்டெடுத்தன, இடநினைவுக்குரிய மூளைப்பகுதியும் அவற்றில் பெரிதாக இருந்தது. கடுங்குளிர் அவற்றின் மறதிக்கு இடங்கொடுக்கவில்லை போலும்.

சிக்கடி விதை மட்டும் உண்பதில்லை என்பதையும் இங்கே மறைக்க வேண்டுவதில்லை. பட்டையினடியில் உறைந்து கிடக்கும் புழுக்களையும் சிலந்திகளையும் பூச்சி முட்டைகளையும் தேடி உண்கிறது. ஆகவே அதற்கு உணவளித்தல் தகுமோ என்று ஐயுறுவார் உளர். அவ்வுயிரின் வினை அதனுடையது. பசித்திருப்பதைக் கண்டும் வாளாவிருத்தல் கண்டவருடைய வினை. வேண்டுமானால் ஒன்று செய்யலாம். மேலைநாட்டார் குளிர்காலத்தில் பறவைகளுக்கென மாட்டுக்கொழுப்புக் கட்டிகளைத் தொங்கவிடுவது வழக்கம். அஃது இல்லாமலே சூரியகாந்தி விதை அதற்கு வேண்டிய கொழுப்பைத் தரும். சிக்கடி அதனை விரும்பி உண்ணும்.

இனி முதல் வினாவுக்கு வரலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் ஆகிய இருவரும் சிக்கடிகளின் கால்களில் அடையாள வளையமிட்டு, உணவு வைக்கப்பட்ட காட்டிலும் வைக்கப்படாத காட்டிலும் குளிர்காலத்தில் எத்தனை பிழைத்தன என்று கணக்கெடுத்தனர். 1988ஆம் ஆண்டில் வெளியான அவர்தம் முடிவு இது: உணவு பெற்ற குருவிகளில் 100க்கு 69 குளிர்காலத்தைக் கடந்தன, உணவு பெறாதவற்றில் 37 மட்டுமே கடந்தன. வேற்றுமை எல்லாத் திங்களிலும் ஒரே அளவாகத் தோன்றவில்லை. சுழியத்துக்குக் கீழ் 18 பாகைக்கும் தாழ்ந்த நாட்கள் மிக்க திங்களிலேதான் பெரிதாகத் தோன்றியது. மிதமான குளிரில் குருவி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. கடுங்குளிர் தாக்கும் சில நாட்களில் ஒரு பிடி விதை உயிரைக் காக்கிறது.

இதனினும் முக்கியமானது அவர்களுடைய அடுத்த ஆய்வு. 25 ஆண்டுகள் இடைவிடாது உணவு வைக்கப்பட்டு வந்த ஓரிடத்தில் உணவுக்கலங்களை அறவே அகற்றினர். அங்கிருந்த குருவிகள் பிறந்தது முதல் மனிதர் வைத்த விதையை அறிந்தவை. அவற்றின் முன்னோரும் அவ்வாறே. அவை பிழைக்குமா? ஒருபோதும் உணவு வைக்கப்படாத மற்றோரிடத்துக் குருவிகளோடு ஒப்பிட்டபோது, இரு சாராரும் ஒரே அளவில் பிழைத்திருந்தனர். 1992ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. காரணமும் புலப்பட்டது. கலத்தில் விதை நிறைந்திருந்த காலத்திலும் சிக்கடி தன் உணவில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே அங்கிருந்து பெற்றது. மற்ற நான்கு பங்கையும் காட்டில் தானே தேடிக்கொண்டது. வைத்தவர் தாமே அதனைக் காத்து வருவதாக எண்ணியிருக்கலாம். குருவி அவ்வாறு எண்ணவில்லை.

ஆகவே பறவை சோம்பிவிடும் என்னும் அச்சம், சிக்கடியைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. உண்மையான தீங்கு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. அதனை அறிய இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

அந்நாட்டுத் தோட்டங்களில் கிரீன்ஃபிஞ்சு என்னும் பசுமஞ்சள் நிறப் பறவை மிகுதியாகக் காணப்பட்டது. தடித்த அலகால் விதைகளை உடைத்துண்பது அது. குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டத்து உணவுக்கலங்களை நாடிக் கூட்டமாக வரும். 2005ஆம் ஆண்டு முதல் அதனிடையே ஒரு நோய் கண்டறியப்பட்டது. புறாக்களின் தொண்டையில் முன்பே இருந்துவந்த நுண்ணுயிர் ஒன்று இப்பறவைகளையும் பற்றியது. நோயுற்ற பறவையின் தொண்டையில் புண்ணும் அடைப்பும் உண்டாகும். பசி இருக்கும், எதிரே விதையும் இருக்கும், விழுங்க மட்டும் இயலாது. வாயிலெடுத்த விதையை எச்சிலோடு மீண்டும் கலத்திலேயே உதிர்க்கும். அடுத்த பறவை அதனை எடுக்கும். குடிநீர்த் தட்டிலும் இவ்வாறே. 2009ஆம் ஆண்டுக்குள் பிரிட்டனின் கிரீன்ஃபிஞ்சுகள் ஏறத்தாழ 43 இலட்சத்திலிருந்து 28 இலட்சமாகக் குறைந்தன. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டார் இப்பறவையைப் பேரிடருக்குள்ளானவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தனர்.

கொல்ல வேண்டுமென்று ஒருவரும் எண்ணவில்லை. அன்பினால் வைத்த கலமே நோய் பரவும் இடமாயிற்று. பல இடங்களிலிருந்து வரும் பறவைகள் ஒரே கலத்தில் அலகு வைப்பதும், அக்கலம் நாட்கணக்கில் கழுவப்படாமல் கிடப்பதும் சேர்ந்து இக்கேட்டை வளர்த்தன. ஐவகைச் சமிதிகளுள் ஒன்று, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் கவனித்தல். துறவியர்க்கென வகுத்ததாயினும், தோட்டத்தில் கலம் தொங்கவிடும் இல்லறத்தார் நினைவிற்கொள்ள இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. ஊறு விளைவதற்குப் பகைமை வேண்டுவதில்லை. பிரமாதம் எனப்படும் அசட்டையே போதும் என்பதை ஜைன நூல்கள் எத்தனையோ இடங்களில் வலியுறுத்துகின்றன. கலத்தை அடிக்கடி கழுவி உலர்த்துதல், குடிநீரை நாள்தோறும் மாற்றுதல், ஒரே இடத்தில் வைக்காது இடம் மாற்றி வைத்தல், நோயுற்ற பறவை தென்பட்டால் சில வாரங்கள் உணவு வைப்பதையே நிறுத்துதல் ஆகியவை அங்குள்ள பறவை நல அமைப்புகள் கூறும் முறைகள். கடைசியாகச் சொன்னது தானமளிப்போர்க்கு மனவருத்தம் தருவது. எனினும் சில வேளைகளில் கொடாமையே ஔஷதம்.

உணவும் மருந்தும் இவ்வாறாக, அபயம் என்பது பனிக்காலத்தில் எத்தகைய தானம் என்பதை ஆல்ப்ஸ் மலையிலுள்ள கருங்காட்டுக்கோழி காட்டுகிறது. மரங்கள் அருகி முடியும் உயரத்தில் வாழும் இப்பறவை, குளிர்காலத்தில் தளர்பனியைக் குடைந்து ஒரு வளை செய்துகொண்டு அதனுள்ளே பகலிரவின் பெரும்பகுதியைக் கழிக்கிறது. பனியே அதற்குப் போர்வை. மேலே கடுங்குளிர் வாட்டும்போதும் வளையினுள் குளிர் மிகத் தணிந்திருக்கும். சிறிது நேரமே வெளிவந்து ஊசியிலைகளையும் மொட்டுகளையும் உண்டு மீளும். சத்து குறைந்த உணவு. ஆகவே செலவையும் குறைத்துக்கொள்கிறது. அசையாதிருத்தலே அதன் சேமிப்பு.

அம்மலைச் சரிவுகளில் பனிச்சறுக்கு விளையாட வருவோர் பலர். வகுத்த தடத்தில் செல்லாது, எவரும் மிதியாத புதுப்பனியை நாடி அவர்கள் செல்லும்போது, காலடியில் உறங்கும் கோழி திடுக்கிட்டு வெடித்தெழுந்து பறக்கிறது. அவர்களுக்கு அஃது ஒரு நொடி வியப்பு. கோழிக்கோ வெம்மையான வளை போயிற்று. பறந்த உழைப்புக்கு உடற்கொழுப்பு செலவாயிற்று. கடுங்காற்றில் வேறிடம் தேடி மீண்டும் குடைய வேண்டும். சுவிட்சர்லாந்தின் ரஃபாயேல் அர்லெத்தாஸ் முதலிய ஆய்வாளர்கள் இக்கோழிகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்து, கலைக்கப்பட்ட பறவைகளின் உடலில் அச்சத்தின்போது சுரக்கும் பொருள் மிகுந்திருப்பதை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அச்சம் என்பது மனத்தளவில் நிற்பதன்று. அளந்து காட்டத்தக்க செலவு அது. இன்று அந்நாட்டில் குளிர்காலத்தில் மனிதர் நுழையலாகாத அமைதிப் பகுதிகள் பல வரையறுக்கப்பட்டுள்ளன. ஒன்றையும் கொடாமல், ஓரிடத்துக்குச் செல்லாதிருத்தலால் மட்டுமே செய்யப்படும் தானம் அது. மழைக்காலத்தில் நடந்தால் சிற்றுயிர்கள் மிதிபடும் என்று நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்கும் துறவியரை அறிந்தவர்க்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

குளிரை எதிர்த்து அங்கேயே நிற்கும் பறவைகளைப் பற்றிய செய்தி இதுவரை கூறப்பட்டது. பனி மூடியதும் அந்நிலத்தை விட்டு நீங்குவனவே மிகப் பல. அவை அஞ்சுவது பெரும்பாலும் குளிரை அன்று. பனியின் கீழ் மறைந்துபோகும் உணவை. அவ்வாறு நீங்கும் ஓரினம் ஜைனர்களின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

மங்கோலியாவிலும் கசகஸ்தானத்திலும் உள்ள புல்வெளிகளில் குஞ்சு பொரிக்கும் சிறு கொக்கினம் ஒன்று உண்டு. உலகிலுள்ள கொக்கு வகைகளுள் மிகச் சிறியது அதுவே. சாம்பல் நிற உடல், கரிய கழுத்து, கண்ணின் பின்னே வெண்குஞ்சம். ராஜஸ்தானத்து மக்கள் அதனைக் 'குர்ஜா' என்பர். இலையுதிர்காலத்தில் அக்கொக்குகள் இமயமலையைத் தாண்டுகின்றன. நேபாளத்தின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் வழியே அவை வரிசை வரிசையாகப் போராடிக் கடப்பதைப் பலர் கண்டு எழுதியுள்ளனர். மெல்லிய காற்றில், எதிர்க்காற்றில், கழுகுகள் தாக்கும் வழியில், அவ்வாண்டு பிறந்த குஞ்சுகளையும் உடனழைத்துக்கொண்டு வருகின்றன.

வந்து சேரும் இடங்களுள் ஒன்று தார்ப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள கீச்சன் என்னும் சிற்றூர். அங்குள்ள ஜைன வணிகக் குடும்பங்கள் புறாக்களுக்குத் தானியம் இறைத்து வந்தன. 1970களில் சில கொக்குகள் புறாக்களோடு வந்து உண்டன. மறுஆண்டு கூடுதலாக வந்தன. எண்ணிக்கை பெருகியபோது ஊருக்கு வெளியே நிலம் ஒதுக்கப்பட்டது. நாய்கள் நுழையாவண்ணம் அதைச் சுற்றி வேலி எழுப்பப்பட்டது. 'சுக்கா கர்' என்று அதற்குப் பெயர். பறவைத் தீனி வைக்கும் இடம் என்பது பொருள். வெளியூர்களுக்கு வாணிகத்தின் பொருட்டுச் சென்றுவிட்ட ஜைனர்களும் பொருள் அனுப்ப, மூட்டை மூட்டையாகத் தானியம் இறைக்கப்படுகிறது. இன்று ஆயிரக்கணக்கான கொக்குகள் காலையில் அங்கு வந்திறங்குகின்றன. உண்டபின் அருகிலுள்ள ஏரிகளில் நீர் பருகி, வயல்களிலும் மணல்வெளியிலும் இரைதேடித் திரிகின்றன. 2025ஆம் ஆண்டில் கீச்சன் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

தானியத்தைப் பற்றியே எல்லாரும் பேசுவர். வேலியைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஆகாரதானத்தோடு அபயதானத்தையும் சேர்த்துச் செய்தது அவ்வேலியே. உண்ணும்போது தலைதூக்கித் தலைதூக்கிப் பகையை நோக்க வேண்டாத பறவை விரைவில் நிறைவாக உண்கிறது. ஆனால் வேலிக்கு வெளியே கண்ணுக்கு எளிதில் புலப்படாத பகை வேறு வந்து சேர்ந்தது. ஊரைச் சுற்றிச் சென்ற மின்கம்பிகளில் மோதிக் கொக்குகள் மாண்டன. இமயத்தைக் கடந்து வந்த உயிர், உணவு வைத்த ஊரின் வாயிலில் ஒரு கம்பியால் மடிவது கொடுமை. இத்தனை பறவைகளை ஓரிடத்துக்கு அழைத்தவர்க்கு, அவை இறங்கும் வானத்தையும் கவனிக்கும் கடன் உண்டு. கூட்டம் பெருகுமிடத்தில் நோய் பரவும் வாய்ப்பும் பெருகும் என்பதை இங்கிலாந்தின் செய்தி முன்பே காட்டியது. ஆகவே தானியம் இறைக்கும் நிலத்தின் தூய்மையும் நீர்நிலைகளின் தூய்மையும் தானியத்தின் அளவைவிடச் சிறியவை அல்ல.

இவ்விழா நடைபெறும் இந்நாட்களில் கீச்சனின் சுக்கா கர் வெறிச்சோடிக் கிடக்கும். மாசி பங்குனியிலேயே கொக்குகள் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிட்டன. உடலில் அவை சேர்த்துக்கொண்ட கொழுப்பில் ஒரு பகுதி அவ்வூரார் இறைத்த தானியம். மங்கோலியப் புல்வெளியில் பனி உருகி, அவை தரையில் இரண்டு முட்டைகள் இடும்போது, அவற்றுக்கு உணவு வைத்தவர்கள் அங்கே இல்லை. அவர்களைப் பற்றி அந்நாட்டு இடையர்களுக்கு ஒன்றும் தெரியாது. புரட்டாசி பிறக்கும் வேளையில் வேலி பழுது பார்க்கப்பட்டு, நிலம் பெருக்கப்பட்டு, முதல் மூட்டை அவிழ்க்கப்படும்.